திரும்புவதும் திருப்புவதும்

தமிழில் கம்ப்யூட்டர் நிரல் எழுதலாம் என்று சொன்னால் நம் எழுத்தாள நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு முன் 'எழில்' என்கிற நிரல்மொழியை ஒரு தடவை பார்த்திருக்கலாம். முத்தையா அண்ணாமலை செய்தது. 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். அடியில் பைத்தான் ஓடுகிறது, மேலே சொற்கள் தமிழ். நிபந்தனையைச் சொல்லிவிட்டு அதன் பின்னால் 'ஆனால்' என்று போடவேண்டும். நாம் பேசுகிற வரிசை அதுதான். இங்கிலீஷ் 'இஃப்' மாதிரி முன்னால் வந்து நிற்பதில்லை. செய்தவருக்குக் காது இருக்கிறது.

விடை தருகிற இடத்தில் மட்டும் காது கொஞ்சம் அயர்ந்துவிட்டது. 'பின்கொடு 1' என்று எழுதவேண்டும். வினை முதலில், கொடுக்கும் பொருள் பிறகு. விருதுநகர் பஜாரில் நான் கேட்டது 'நூறு ரூவாயத் திருப்பிக் குடு' என்பதுதான். பின்கொடு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதில் எழிலைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மூலச் சொல்லான 'ரிட்டர்ன்' இங்கிலீஷில் இரண்டு வேலை பார்க்கிறது. போனவன் திரும்புவதும் ரிட்டர்ன், வாங்கியதைத் திருப்புவதும் ரிட்டர்ன். நிரலுக்கோ இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒரு செயற்கூறை அழைத்தால் ஓட்டம் அதற்குள் போகிறது. வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்புகிறது. வரும்போது கையில் ஒரு மதிப்பைக் கொண்டுவருகிறது. தன்வினை, பிறவினை என்று தமிழ் இதைப் பிளந்துவிடும். 'பின்கொடு' பிறவினையை எடுத்துக்கொண்டது. திரும்புவது சொல்லாமலே நடக்கிறது.

வங்கிகளில் வெகுகாலம் கோலோச்சிய கோபால் மொழி நேர் எதிர். அதில் ஒரு பத்தியைச் செய் என்று ஏவினால் போய்ச் செய்துவிட்டுத் திரும்பும், வெறுங்கையோடு. விடையைப் பொதுவில் உள்ள ஒரு சேமிப்பிடத்தில் வைத்துவிட்டு வரும். வேண்டியவர் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பேரேட்டில் பதிந்துவிட்டு வாய் திறக்காமல் நாற்காலிக்குப் போகிற பழைய குமாஸ்தாவின் சுபாவம் இது.

எனக்கு ருசியாகப் பட்டது ஃபோர்ட்ரானும் பாஸ்கலும் செய்த காரியம். 1958-ல் வந்த ஃபோர்ட்ரானின் இரண்டாம் பதிப்பிலும், 1970-ன் பாஸ்கலிலும் செயற்கூறின் பெயருக்கே விடையை ஏற்றிவிடுவார்கள். 'கூட்டல்' என்பது செயலின் பெயர். செயல் முடிந்ததும் விடையின் பெயரும் அதுவே. வற்றல் தின்றான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தத் தொழிலாகுபெயர். பாஸ்கலில் ரிட்டர்ன் என்ற சொல்லே தேவைப்படவில்லை. லிஸ்ப், ரூபி, ரஸ்ட் போன்றவற்றில் கடைசியாக மதிப்பிட்ட கோவையே விடையாகிவிடும். அங்கே ஒரு செயற்கூறின் அழைப்பு, நம் வினையாலணையும் பெயர் போல, வினையாகவும் இருந்துகொண்டு வேறொரு வாக்கியத்துக்குள் பெயராகவும் உட்காருகிறது. 'வந்தவனைக் கேள்' என்பதில் வருதல் நடந்து முடிந்து ஒரு ஆளாகி நிற்கிறதல்லவா? ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் கிழியும்.

எதையும் தராத செயற்கூறுகளும் உண்டு. ஸி அவற்றை 'வாய்ட்' என்று குறிக்கிறது. சிவகாசிச் சரக்கு முழுக்க இந்த ரகம். திரியில் தீ வைத்தவன் கைக்கு ஒன்றும் வராது. நடப்பதெல்லாம் வெளியே, ஆகாயத்தில். தராது என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. பைத்தானில் அது இல்லை. தர மறந்தாலும் 'நன்' என்று ஒன்றைத் தந்துவிட்டுப் பேசாமலிருக்கும். என் அக்கா மகன் ஒருநாள், "மாமா, கூட்டித்தான இருக்கேன், ஏன் ஒண்ணும் வரல?" என்றான். "கூட்டின. குடுக்கலியேடா" என்றேன்.

எங்கள் கவுண்டரில் ரிட்டர்ன் என்றாலே தோல்வி. தீபாவளி கழிந்து, பட்டாசு வாங்கிப்போன வெளியூர் வியாபாரிகளின் செக்குகள் வரும். சில ரிட்டர்ன் ஆகும். பணம் வராது, காரணம் குறித்த சீட்டு வரும், போதிய பணமில்லை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று. செலாவணி முறிச் சட்டத்தில் 138-ம் பிரிவு 1988 திருத்தத்தால் சேர்ந்தபிறகு அந்தச் சீட்டுக்குக் கோர்ட்டிலும் மதிப்பு. 2009-ல் வெளிவந்த 'கோ' மொழி செய்வது கிட்டத்தட்ட இதுதான். விடை ஒரு கையில், காரணச் சீட்டு மறு கையில், இரண்டையும் சேர்த்தே தருவது அதன் வழக்கம். ஸி-யில் பல செயற்கூறுகள் தொகை இருக்க வேண்டிய அதே இடத்தில் -1 என்று வைத்துவிடும். பார்க்கத் தவறினால் அதுவும் ஒரு தொகையாகக் கணக்கில் ஏறும்.

இன்மையை எப்படி எழுதுவது என்பது தத்துவக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். 1965-ல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக 'நல்' என்ற வெற்றுச் சுட்டைக் கண்டுபிடித்த டோனி ஹோர், 2009-ல் அதை நூறு கோடி டாலர் தவறு என்றே சொன்னார். நம் பக்கத்தில் கணக்கு வேறு. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் நடந்த விபத்து ஊரறிந்தது; அதற்கு முன்னும் பின்னும் ஊரறியாதவை பல. அப்படி ஒன்றில் புருஷனைப் பறிகொடுத்த சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நிவாரணப் பணம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சேவை மையத்துக்குப் போயிருக்கிறாள். திரையில் 0.00. வரலம்மா என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை எங்கள் கவுண்டருக்கு வந்தாள். பணம் வந்து பதினோரு நாளாகியிருந்தது. அந்த மையத்திலிருந்து போன கேள்விக்குப் பதிலே வரவில்லை. பதில் வராத இடத்தில் திரை பூஜ்யத்தைப் போட்டுவிட்டது. "அப்ப முட்டை போட்டது பொய்யாண்ணே?" என்றாள்.

பொய் என்று சொல்ல முடியவில்லை. தெரியாது என்பதும் இல்லை என்பதும் அந்தத் திரைக்கு ஒரே எழுத்து. ரஸ்ட் மொழியில் 'இருக்கலாம், இல்லாமலுமிருக்கலாம்' என்ற மதிப்பு தனி வகை. திறந்து பார்க்காமல் அதைத் தொகையாகப் பாவிக்க விடாது. அந்தத் திரையை எந்த மொழியில் எழுதினார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். மையத்தில் யாருக்கும் தெரியவில்லை.