கள்ளோடு சேரும் கறி: யாருடைய உழைப்பு?

எமது பெண்கள் கூட்டங்களில் கள்ளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் எழுவது கோபம்தான். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கூலிப்பணம் தவறணையில் கரைவதையும் அதனால் வீட்டில் நடக்கும் அடிதடியையும் அனுபவித்தவர்கள் எம்மிடையே பலர். ஆனால் கள்ளோடு உண்ணும் உணவைப் பற்றி நாம் பேசுவதில்லை. வீட்டில் அதைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பனையிலோ தென்னையிலோ காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு இருக்கும். மதுவம் அந்த இனிப்பை மதுசாரமாக மாற்றிக்கொண்டே இருப்பதால் பின்னேரத்தில் புளிப்பு ஏறிவிடும். நாட்கணக்கில் விட்டால் வினாகிரியாகும். இதற்கேற்பவே பக்க உணவும் அமைகிறது. இனிப்புக் கள்ளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச்சம்பலும் போதும். புளித்த கள்ளுக்கு உறைப்பு வேண்டும். மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்த சூடை மீன், கணவாய்ப் பிரட்டல், நண்டுக்கறி என்று கடல் தந்தவை எல்லாம் அதனோடு சேரும்.

எமது உறவினர் பலர் வாழும் பிரான்சிலும் ஊருக்கு ஊர் ஒரு வைனும் அதற்கேற்ற உணவும் உண்டு. நாந்த் நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் மஸ்கடே என்ற வெள்ளை வைனை, அத்திலாந்திக் கரையின் சிப்பியோடு சேர்த்துக் குடிப்பார்கள். விளைந்த இடத்தின் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. எமது கரையில் கள்ளுக்கும் கறிக்கும் அப்படி ஒரு பெயர் இல்லை. கறி சமைத்து விற்பவளுக்குக் கெட்ட பெயர் மட்டும் உண்டு.

2006 இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கணவரை இழந்து, பிள்ளைகளோடு ஊர் திரும்பிய ஓர் அக்காவை எனது பணியின்போது சந்தித்தேன். தவறணைக்குப் போகும் ஒழுங்கையில் பொரித்த மீனும் அவித்த கடலையும் விற்று வந்தார். கடன் கொடுப்பதில்லை. ஆறு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார். சங்கத்தில் அவர் சுழற்சிக் கடன் கேட்டபோது எதிர்ப்பு வந்தது.

“அவவின்ர மீன் இருக்கிறபடியால்தான் என்ர மனுசன் இன்னும் ஒரு போத்தல் குடிக்கிறார்” என்றார் ஓர் உறுப்பினர். அதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. அக்கா அமைதியாகச் சொன்னார்: “குடிக்கிறவையின்ர மானம் போகேல்லை. மீன் பொரிக்கிற என்ர மானம்தான் போகுதாம்.”

இருவரும் ஒரே துயரத்தின் இரண்டு பக்கங்களிலிருந்து பேசினார்கள். குடிப்பவர் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. சமூகவியலில் படித்த ‘பால்நிலைப் பாகுபாடு’ என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

பிறகு அவரது கணக்குக் கொப்பியை எல்லோருமாகப் பார்த்தோம். மீன், எண்ணெய், விறகு எழுதப்பட்டிருந்தன. அவரது உழைப்புக்குக் கூலி எழுதப்படவில்லை. மீன் வாங்கவும், கழுவவும், பொரிக்கவும் போன நேரத்தைக் கூட்டியபோது கூடத்தில் பேச்சு அடங்கியது. எதிர்த்த பெண்ணே, “காலையில அப்பம் சுட்டால் என்ன?” என்று கேட்டார். மாப் புளிப்பதற்குக் கள்ளு விடுவது எமது தாய்மார் அறிந்த முறைதானே. அப்பச்சட்டிகளுக்காகக் கடன் வழங்கப்பட்டது. இப்போது காலையில் அப்பமும், பின்னேரம் குறைந்த அளவில் மீனும் விற்கிறார்.

மரம் எமக்குத் தருவது கள்ளு மட்டுமல்ல. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிப்பது தடைப்பட்டு, அதே பதநீர் கருப்பணியாகக் கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். ஒடியல் மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழை முழுக் குடும்பமும் சுற்றியிருந்து குடிக்கலாம். 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபையும் இப்பொருட்களின் வளர்ச்சிக்கெனவே அமைந்தது.

சகோதரிகளே, வீட்டில் அவருக்காக மீன் பொரிக்கும்போது பிள்ளைகளின் பங்கை முதலில் எடுத்து வையுங்கள். விற்பவராக இருந்தால் உங்கள் நேரத்தையும் கொப்பியில் எழுதுங்கள். ஒழுங்கையில் அடுப்பு மூட்டியிருக்கும் பெண்ணைக் கடந்து போகும்போது அவரது சுகத்தை விசாரியுங்கள்.