கால் விறைப்பும் மச்சான் தந்த சப்பாத்தும்



இரண்டு வாரமாக மனசுக்குள் ஒரு பயம். அல்ஹம்துலில்லாஹ், இப்போது இல்லை. சைக்கிள் ஓடும் நம்ம ஊர்த் தம்பிமாருக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துத்தான் தோட்டத்துப் பாடசாலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கினேன். வரிசை முடிந்தும் விடவில்லை. போன மாதம் மச்சான் கட்டாரிலிருந்து சைக்கிள் சப்பாத்தும் கிளிப்லெஸ் பெடலும் கொண்டு வந்தார். சப்பாத்தின் அடியில் உள்ள கிளீட் என்ற உலோகத் துண்டு பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். (அது நேரத்துக்கு நினைவு வராமல் பாடசாலை கேட்டடியில் பிள்ளைகள் முன்னால் விழுந்தது வேறு கதை.) பூட்டுகிற பெடலுக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், பழைய பெடலில் கால்விரலைப் பிடிக்கும் கூண்டு மாதிரியான கிளிப் இதில் இல்லை. 1985இல் பெர்னார் இனோ இந்த வகைப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் வென்றார்.

ஒரு சனிக்கிழமை மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவ ஏற்றம் ஏறித் திரும்பினேன். பாதத்தின் முன்பக்கம் நெருப்பாக எரிந்தது. லுஹருக்கு வுழூ எடுக்கும்போது வலது கால் விரலிடுக்கில் தண்ணீர் பட்டதே தெரியவில்லை.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம். அவருக்கும் விறைப்பில்தான் தொடங்கியது, கடைசியில் ஒரு விரலை எடுத்தார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தேன். சீனி சரியான அளவில் இருந்தது. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, "புதுச் சப்பாத்து ஏதும் போட்டீங்களா சேர்?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம், நாள் முழுக்க நின்று படிப்பித்த காலைக் கடதாசியில் வைத்து வரைந்தேன். சப்பாத்தின் உள்ளட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்தால் கால் இரண்டு பக்கமும் வெளியே நின்றது. காலையில் உள்ள காலும் பின்னேரக் காலும் ஒன்றில்லை, வெயிலில் ஓடும்போது இன்னும் வீங்கும். விரல் எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்பு அதில் நசுங்குகிறது. போதாததற்குக் கிளீட்டை நான் மிகவும் முன்னால் பூட்டியிருந்தேன். ஏற்றத்தில் மிதிக்கிற பாரம் முழுவதும் அந்த ஒரே இடத்தில்.

பழைய இடத்தைப் பேனையால் அடையாளம் வைத்து, 4 மில்லிமீற்றர் அலன் கீயால் கிளீட்டை 5 மில்லிமீற்றர் அளவு பின்னால் தள்ளினேன். கால் நீட்டம் மாறுவதால் சீட்டையும் கொஞ்சம் இறக்க வேண்டும். விரல் பக்கத்துப் பட்டியைத் தளர்த்தினேன், தடித்த மேஸை மாற்றினேன். ஏற்றத்தில் பாரமான கியரில் முக்காமல் இலேசான கியரில் வேகமாக மிதித்தேன். எரிவு பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் ஒரு மணித்தியாலம் தாண்டினால் திரும்பவும் வந்தது. ஒடுங்கிய சப்பாத்தை அலன் கீயால் அகலமாக்க முடியாதே. அகலமான சோடி ஒன்று வாங்கிவிட்டேன், விறைப்பு இல்லை.

சப்பாத்தைக் கழற்றிய பிறகும் விறைப்பு நிற்காவிட்டால் கிளீட்டோடு மினக்கெடாமல் டொக்டரிடம் போங்க, குறிப்பாக வீட்டில் சீனி உள்ளவங்க.

பழைய சோடி 42 அளவு, புதுசு மாதிரி இருக்கிறது. ஒடுங்கிய கால்காரர் யாரும் இருந்தால் இன்பொக்ஸ் வாங்க, சும்மா தருகிறேன். மச்சான் காதில் மட்டும் போட வேண்டாம்.