பட்டியலில் ஒரு சைக்கிள்

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு வரிதான் தெரியும். சம்பள உயர்வு கேட்டார்கள், வெள்ளைக்காரன் சுட்டான். நானும் அந்த ஒரு வரியோடுதான் ரொம்ப நாள் இருந்தேன், தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலை வாசிக்கும் வரை.

சம்பளம் அதில் இருக்கிறது, சீனத் தொழிலாளர்களுக்கு நிகராக வேண்டும் என்று. ஆனால் அதோடு முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, சொந்தக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றுக்கு நடுவே இன்னொன்று: துரைமாருக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

இந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஏனென்றால் ஜொகூர் தோட்டமொன்றில் பிறந்த என் பாட்டி இதையே வேறு மாதிரி சொல்லிக் கேட்டிருக்கிறேன். "தொர காரு சத்தம் கேட்டா போதும், அப்பா சைக்கிள விட்டு எறங்கி ஓரமா நிப்பாரு. கார் போனப்புறம்தான் ஏறுவாரு." பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்போம் என்பது போலச் சொன்னார். ஆவணத்தில் பார்த்த பிறகுதான், அது ஒரு மனிதரின் பணிவு அல்ல, பல தோட்டங்களில் நடைமுறையிலிருந்த சட்டம் என்று புரிந்தது. பாட்டியின் நினைவு இல்லாவிட்டால் பட்டியலின் அந்த வரி எனக்கு வேடிக்கையாக மட்டுமே தெரிந்திருக்கும். பட்டியல் இல்லாவிட்டால் பாட்டி சொன்னது வெறும் குடும்பக் கதையாகவே போயிருக்கும்.

அமெரிக்காவின் 1776 சுதந்திரப் பிரகடனத்துக்கும் இதே கதிதான். எல்லா மனிதரும் சமம் என்ற முன்பகுதி உலகத்துக்கே தெரியும். பிரகடனத்தின் பெரும்பகுதி, மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மீது அடுக்கப்பட்ட இருபத்தேழு புகார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெரிய சொற்கள் பாடப்புத்தகத்துக்குப் போய்விடுகின்றன. உண்மையில் எங்கே வலித்தது என்பது புகார்ப் பட்டியலில்தான் கிடக்கிறது.

ஆனால் பட்டியல் கிடைத்துவிட்டதே என்று குதிக்கவும் முடியாது. நான் தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஷிப்ட் லாக் புத்தகத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரியும். எழுதியது யார், யார் படிப்பதற்காக எழுதியது, எழுதாமல் விட்டது என்ன என்று மூன்றையும் கேட்காமல் அதை நம்ப முடியாது. காலனிய ஆவணமும் ஒரு லாக் புத்தகம்தான். சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் ரப்பர் விலை காசுக் கணக்கில் கிடைக்கும். துரைமார் சங்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று கிடைக்கும். பால்மரம் வெட்டியவர் என்ன பேசினார் என்று தேடினால், 'கூலிகள்' என்ற பன்மைச் சொல்லுக்குள் எல்லாரும் அடைபட்டுக் கிடப்பார்கள்.

நமக்காக எழுதப்பட்டவையும் அப்படியே நமக்குச் சொந்தமானவை அல்ல. இந்திய அரசு அனுப்பி சீனிவாச சாஸ்திரி 1936 கடைசியில் மலாயா வந்தார். அவரது அறிக்கை 1937-இல் வெளியானது. ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்ற பழைய தினக்கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னது அது. ஆனாலும் அந்த அறிக்கை தோட்ட முதலாளிகளிடம் ரொம்பவும் மென்மையாக நடந்துகொண்டது என்று இங்கிருந்த இந்தியர் அமைப்புகளே கசந்துகொண்டன. விருந்தாளியாக வந்தவர் கண்ணில் பட்டதும் லயத்தில் குடியிருந்தவர் பட்டதும் ஒன்றாக இருக்குமா?

கிள்ளான் போராட்டத்தின் முகமாக இருந்த ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் துணையாசிரியர். மே மாதம் அவரைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். தீபகற்பம் நெடுக அவனுடைய படைகள் சைக்கிளிலேயே இறங்கி ஜொகூர் பாரு வரை வந்தன. 1942 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் படை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் போய், பின்னாலேயே பாலத்தைத் தகர்த்தது. யார் முன்னால் இறங்க வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் ஆவணங்களின் உண்மையான பசி. சயாம் ரயில் பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது, நாட்குறிப்பு இருக்கிறது, ஒளித்து வரைந்த ஓவியங்கள்கூட இருக்கின்றன. அதே பாதையில் செத்த நம் ஆட்களுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட எண்ணிக்கைகூட இல்லை. காகிதமும் பென்சிலும் யாரிடம் இருந்தனவோ அவர்களுடைய சாவுதான் வரலாறாகியிருக்கிறது.

நாமும் காகிதத்தைக் காப்பாற்றியவர்கள் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஆனால் பழைய சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கோயில் திருவிழா நோட்டீஸ், தோட்டப் பள்ளிக் குழுப்படம் எல்லாம் இன்னும் ஏதோ ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. அவையும் முதன்மைச் சான்றுகள்தான். படத்தின் பின்னால் யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று எழுதி வைக்க, அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பாட்டி மட்டும்தான். போன வாரம் வரை பதினொரு படங்கள் முடிந்திருக்கின்றன.