பிரிக் கேமும் ஒரு மாத்திரையும்

1/ பரண்ல பழைய பெட்டியை ஒழிக்கும்போது என் பிரிக் கேம் கிடைச்சது. மேலருந்து கட்டை விழும், அடுக்கணும், வரிசை நிறைஞ்சா மறையும். 90ஸ் கிட்ஸுக்கு விளக்கமே தேவையில்ல. ரஷ்யாவுல பிறந்த விளையாட்டு குன்னூர் எஸ்டேட் லைன் வீடு வரைக்கும் எப்படி வந்துச்சு? யோசிச்சா, அதுல எனக்கு ஒரு மருத்துவப் பாடம் இருக்கு.

2/ 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது டெட்ரிஸ். 1989-ல் ஜப்பானின் நின்டெண்டோ, கேம் பாய் என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அதோடு டெட்ரிஸையும் சேர்த்தே விற்றார்கள்.

3/ கேம் பாயில் கலர் கிடையாது. திரைக்கு வெளிச்சமும் கிடையாது. அடுத்த வருஷம் வந்த சேகாவின் கேம் கியரில் இரண்டும் உண்டு. ஆனா அது 6 செல்லைச் சில மணி நேரத்தில் காலி பண்ணிடும். கேம் பாய் 4 செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும், விலையும் குறைவு. ஜெயிச்சது எதுன்னு உங்களுக்கே தெரியும்.

4/ அந்தக் கேம் பாயும் எங்க லைனுக்கு வரல. அவ்வளவு காசுக்கு எங்க போறது? வந்தது, கம்பெனி பேர்கூட இல்லாத இந்த பிரிக் கேம். தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாக் கடையில அப்பா வாங்கித் தந்தார்.

5/ ஜூன், ஜூலை மழையில மரம் விழும், கரண்ட் போகும், டிவி செத்துடும். தாத்தாவோட பாக்கெட் ரேடியோவுல இருந்து 2 பென்சில் செல்லைக் கழட்டிப் போட்டா இது ஓடும். இங்கிலீஷ் தெரிய வேண்டாம். அவுட் ஆனா அடுத்த ஆள் கைக்குப் போயிடும். ஒரு பொட்டியில லைன் பசங்க மொத்தமும் விளையாடினோம். உலகத்துலயே சிறந்த கருவி இல்ல அது. எங்க வாழ்க்கைக்குள்ள பொருந்தின கருவி.

6/ இப்ப என் தப்பு. டாக்டரான புதுசுல, கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவுக்கு பிபிக்கு, நீர் பிரியுற மாத்திரையை தினமும் காலையில போடச் சொன்னேன். நல்ல மாத்திரை, விலையும் குறைவு. மூணு தடவை வந்தாங்க, மூணு தடவையும் பிபி குறையல. "மாத்திரை போடுறீங்களா இல்லையா?"ன்னு திட்டிட்டேன்.

7/ ரொம்ப நேரம் தலைகுனிஞ்சு இருந்துட்டு மெதுவா சொன்னாங்க: "அதைப் போட்டா அடிக்கடி வருது டாக்டரம்மா. காட்டுல நாங்க எங்க போறது?"

8/ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் அம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான். இதுக்காகவே காலையில தண்ணிகூட குடிக்காமப் போவாங்க. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கே, சீட்டு எழுதும்போது அது ஞாபகம் வரல.

9/ வேற மாத்திரை எழுதினேன். அடுத்த மாசம் பிபி இறங்கியிருந்தது. நான் முதல்ல கொடுத்தது கேம் கியர். அவங்களுக்குத் தேவைப்பட்டது ரேடியோ செல்லுல ஓடுற பிரிக் கேம்.

10/ மாத்திரை போட முடியலைன்னா நீங்களா நிறுத்தாதீங்க. ஏன் முடியலைன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, வெட்கப்படாதீங்க. பெரும்பாலும் மாற்று வழி இருக்கும். டாக்டர் நண்பர்களே, திட்டுறதுக்கு முன்னாடி "இதைப் போடுறதுல என்ன சிரமம்?"னு ஒரு வார்த்தை கேளுங்க. நான் மூணு தடவை கேட்காம விட்டேன்.