கன்னம் படும் இடம்

திருவண்ணாமலை என்றால் எல்லோருக்கும் அருணாசலம்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள் இருக்கிற சின்ன ஊர். 1968-ல் அங்கே ஒரு கண்மாய்க் கரையில் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியால் முதல் தடவையாகச் சுட்டேன். கௌதாரி பறந்து போய்விட்டது. அடுத்த மூன்று வருஷங்களும் அநேகமாக அப்படித்தான். "ஏலே, ஒனக்குக் கண்ணு இருக்கு, நெஞ்சு இல்ல" என்றார் அப்பா. நான் நம்பினேன். துப்பாக்கியை வைத்துவிட்டுப் புஸ்தகங்களிடம் வந்ததற்கு அந்த வாக்கியமும் ஒரு காரணம். எழுதுவது நெஞ்சில்லாதவன் தேடிக்கொண்ட காரியம் என்று உள்ளூர ஓர் அவமானம் வெகுநாள் இருந்தது.

ரைஃபிளில் குறி பார்க்க முன்னும் பின்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ரவைத் துப்பாக்கியில் குழல் நுனியில் ஒரு சிறு மணி மட்டும். பின்னால் இருக்கவேண்டிய அடையாளம் சுடுகிறவனின் கண்தான். கண்ணை அதன் இடத்தில் நிறுத்துவது கட்டை. கன்னம் கட்டையின் மேல்விளிம்பில் எங்கே படுகிறதோ, அதைப் பொறுத்துக் கண் நிற்கும். கண்ணிலிருந்து குழல் நுனிக்குச் சுமார் ஒரு மீட்டர். கண் 3 மில்லிமீட்டர் தவறினால் 36 மீட்டர் தூரத்தில் ரவை ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். சுடுதளத்தில் பறக்கவிடும் வட்டின் குறுக்களவே அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை நான் தெரிந்துகொண்டது 1994-ல். நண்பர் ஒருவருக்குத் துணையாக ஒரு ரைஃபிள் கிளப்புக்குப் போயிருந்தேன். அங்கிருந்த வயதான பயிற்சியாளர் என்னையும் சும்மா விடவில்லை. "ரெண்டு கண்ணும் திறந்திருக்கட்டும் சார். கட்டைவிரலை நீட்டி அந்த மரத்தை மறைங்க. இப்ப இடது கண்ணை மூடுங்க." விரல் மரத்தைவிட்டுத் துள்ளி விலகியது. வலது கண்ணை மூடியபோது அசையவில்லை. எனக்கு ஆளுகிற கண் இடது. வலது தோளில் கட்டையை வைத்து இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கண்களுக்கிடையே ஆறு சென்டிமீட்டருக்குமேல் இருக்கும். அதே தூரத்தில் அது இரண்டு மீட்டருக்குமேல் இடப்பக்கம் விலகிய குறி. என் கௌதாரிகளுக்கும் என் நெஞ்சுக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

மூக்குக் கண்ணாடியின் இடது வில்லையில் அவர் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார். கட்டையின் மேல் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியைச் சுற்றி உயர்த்தினார். 16 கஜத்தில் காகிதம் கட்டிச் சுடச் சொன்னார். அந்தத் தூரத்தில் ரவைக்கூட்டம் ஓர் அங்குலம் விலகினால் கட்டையில் திருத்தவேண்டியது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அன்று 25 வட்டுகளில் 17 உடைந்தன.

அவர் சொன்னபடி, துப்பாக்கி வாங்குகிறவன் முதலில் பார்க்கவேண்டியது பெயரையோ செதுக்கலையோ அல்ல. கண்களை மூடித் தோளில் ஏற்று, திற. கழுத்தை நகர்த்தாமல் குழலின் நடுவே மணி தெரிந்தால் அது உன்னுடையது. கட்டையைப் பிடித்த கையின் பெருவிரலுக்கும் மூக்குக்கும் இரண்டு மூன்று விரற்கடை இருக்கட்டும். கட்டை நீளமானால் அக்குளில் சிக்கும், குட்டையானால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். பறவை வேட்டைக்கு நாள் முழுக்கச் சுமப்பதால் மூன்று கிலோ போதும். வட்டுக்குக் கனம் கூடுதலாக வேண்டும்; உதைப்பு குறையும், வீச்சு நடுவில் நிற்காது. மேலெழும் வட்டுக்காகச் சற்று உயரமாகவே சுடும்படி கட்டையை அமைப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் வினோதம். ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்குகிறவன் மூக்கின் சிவப்பு, மார்பின் இறக்கம், கால் நீளம் எல்லாம் பார்த்துத்தான் வாங்குவான். துப்பாக்கியை மட்டும் வந்தபடியே ஏற்றுக்கொண்டோம். பொருந்தாதபோது உடம்பைத் திட்டினோம். வெளியிலிருந்து வந்த வேறு சில வடிவங்களோடும் நாம் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறோம் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

இனி அங்கே கௌதாரி சுட முடியாது. 1972-ன் வனவிலங்குச் சட்டம் 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸை முடித்துவைத்தது. மலை 1988-ல் சாம்பல்நிற அணில் சரணாலயம், 2021-ல் புலிகள் காப்பகம். எனக்கு வருத்தமில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டது வட்டுகளை. அதைக் களிமண் புறா என்கிறார்கள். அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை; கீலும் சுண்ணாம்புக்கல் பொடியும். என் கட்டை அன்றே பொருந்தியிருந்தால் எத்தனை கௌதாரிகள் என் கணக்கில் சேர்ந்திருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்குப் பிறகு வாரிசு லைசென்ஸில் துப்பாக்கி என்னிடம் வந்தது. கிளப்பிலிருந்து திரும்பிய வாரம் அதை அளந்தேன். பர்மிங்ஹாமில் செய்தது. விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை 14¾ அங்குலம், ஆறடி மனிதனுக்கானது. அப்பா ஐந்தடி நாலங்குலம். கட்டையின் மேல்விளிம்பில் அவர் கன்னம் பட்டுத் தேய்ந்த இடம், படவேண்டிய இடத்துக்கு ஒன்றரை அங்குலம் பின்னால் இருந்தது. கழுத்தை எவ்வளவு பின்னுக்கிழுத்து வளைத்தால் அங்கே கன்னம் படும் என்று செய்து பார்த்தேன். வலித்தது.

வேட்டைக்குப் போய்வந்தால் அவர் வலது கன்ன எலும்பு கன்றிப்போயிருக்கும். அம்மா மஞ்சள் பற்றுப் போடுவாள். வேட்டைக்காரனின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.