‘உப்புற மாதிரி இருக்குல்ல?’

ராத்திரி இரண்டரை மணி. அப்பெண்டிக்ஸ் வெடித்துவிட்ட ஒரு பையன், வயசு பத்தொன்பது இருக்கும். நான் மயக்கவியலில் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி. என் சீனியர் பக்கத்துத் தியேட்டரில் இன்னொரு கேஸில் மாட்டிக்கொண்டிருந்தார். மருந்தை ஏற்றி, பையன் அசைவில்லாமல் ஆனதும், லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கி மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை இறக்கினேன். இறக்கிவிட்டதாக நம்பினேன். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சின் இரண்டு பக்கமும் காற்றுப் போகிற சத்தம் கேட்டது. அல்லது, கேட்டாக வேண்டும் என்று நினைத்ததால் கேட்டது. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு வருகிறதா என்று காட்டும் கேப்னோகிராஃப் அப்போது அந்தத் தியேட்டரில் கிடையாது.

கால்மாட்டில் நின்றிருந்த உதவியாளர் அம்மா, தியேட்டரிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர், முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்லச் சொன்னார்: “டாக்டரம்மா, வயிறு கொஞ்சம் உப்புற மாதிரி இருக்குல்ல?”

அப்பெண்டிக்ஸ் வெடித்த வயிறு உப்பாமல் என்ன செய்யும் என்று மனசுக்குள் பதில் சொல்லிவிட்டு, ட்யூபை பிளாஸ்டர் போட்டு ஒட்டத் தொடங்கினேன். பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஓர் ஒலி எழுப்பும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த ஒலியின் சுருதியும் இறங்கும். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வயிற்றைக் கலக்குகிற சத்தம் அது. சுருதி இறங்கியது. 98, 94, 88. ட்யூபை உருவி எறிந்துவிட்டு மாஸ்க்கை வைத்து அழுத்தினேன். நிறம் திரும்பியது. இரண்டாம் முறை ட்யூப் சரியான இடத்துக்குப் போனது. அதுவரை நான் தள்ளிய காற்றெல்லாம் உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

பையன் நலமாக வீட்டுக்குப் போனான். விடிந்ததும் அந்த அம்மாவிடம் போய், “தெரிஞ்சும் ஏம்மா நேரா சொல்லல?” என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“சொன்னேனேம்மா.”

அணி, தலைமை என்றெல்லாம் யாராவது பேசும்போது எனக்கு அந்தப் பதில்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சொன்னார்தான். நம் ஊரில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் ‘நீங்கள் செய்வது தப்பு’ என்று சொல்வதற்கு எத்தனை வழிகள் உண்டோ, அத்தனையிலும் மிகத் துணிச்சலான வழியில் சொல்லியிருந்தார். ‘இருக்குல்ல’, ‘எதுக்கும் ஒரு தடவை’, ‘பாத்துக்கலாமா சார்’, ‘எனக்கு என்னவோ’ என்ற சொற்களெல்லாம் மரியாதைத் துணி போர்த்திய அபாய மணிகள். எனக்குத்தான் அந்த பாஷை தெரியவில்லை. மருத்துவக் கல்லூரியில் அது பாடத்திட்டத்தில் இல்லை.

பாஷை தெரியாதது எனக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2005 மார்ச்சில் எலெய்ன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண், சைனஸுக்கான ஒரு சாதாரண அறுவை சிகிச்சைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுப்பாதை அடைபட்டுப் போயிற்று. மாஸ்க்காலும் காற்றை ஏற்ற முடியவில்லை, ட்யூபும் போகவில்லை. ஆக்சிஜன் அளவு 40 சதவீதம் வரை சரிந்தது. அறையில் அனுபவம் மிக்க மயக்க மருத்துவர்கள் இருந்தார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் வேலையைக் கைவந்த கலையாகக் கொண்ட காது, மூக்கு, தொண்டை நிபுணரும் இருந்தார். மூவரும் ட்யூபை நுழைத்துவிடலாம் என்று திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடுவதற்கான செட்டை எடுத்துவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டு போன் செய்துவிட்டு வந்தார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்ததும் தான் அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று தோன்ற, படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலெய்ன் பதின்மூன்று நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி விமானி. அவர் யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை. விமான விபத்து நடந்தால் எப்படி விசாரிப்போமோ அப்படி விசாரியுங்கள் என்றார். 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராய்வதற்கென்றே ஓர் அமைப்பையும் தொடங்கினார். எங்கள் துறையில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. சொல்லித் தரும்போது பெரும்பாலானவர்கள் மருத்துவர்கள் செய்த தவறில் நின்றுவிடுவார்கள். எனக்கு அந்தச் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நர்ஸ்தான் கண்ணில் நிற்கிறார். அந்த அறையில் தேவையான அறிவும் இருந்தது, கருவியும் இருந்தது. இரண்டும் நாலடி தள்ளி நின்றன.

தலைவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு நேரடியான பதில் உண்டு. வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுபோய் ‘கோட் ப்ளூ’ அறிவித்தால், ஓடிவருகிற கூட்டத்தில் தலைமை ஏற்பவர் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது திமிராகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ட்யூப் போடுவதில் அந்த அறையிலேயே கைதேர்ந்தவர் பெரும்பாலும் தலைவராகத்தான் இருப்பார். ஒரு ஜூனியர் தடுமாறும்போது கை துறுதுறுக்கும். குனிந்து லாரிங்கோஸ்கோப்பை வாங்கிவிட்டால் போச்சு. அப்புறம் உலகம் ஒரு வாயளவுக்குச் சுருங்கிவிடும். கடிகாரத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். நெஞ்சை அமுக்குகிறவர் சோர்ந்துபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும். எவ்வளவு பலசாலியானாலும் இரண்டு நிமிஷத்தில் ஆழம் குறைந்துவிடும். அமுக்குகிறவருக்கு அது தெரியாது. ‘நான் இன்னும் பண்றேன் மேடம்’ என்பார். பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

கையைக் கட்டிக்கொண்டால் வாய் வேலை செய்ய வேண்டும். இதில் நான் ரொம்ப நாள் செய்த தப்பு, ‘யாராவது’ என்ற சொல். “யாராவது அட்ரினலின் போடுங்க” என்றால் இரண்டு பேர் போடுவார்கள், இல்லையென்றால் ஒருவரும் போட மாட்டார்கள். இன்னொன்று ‘சிஸ்டர்’. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் எல்லா நர்ஸும் சிஸ்டர், ஆண் என்றால் பிரதர். மூன்று பேர் நிற்கிற இடத்தில் “சிஸ்டர்!” என்று கத்தினால் மூன்று பேரும் திரும்புவார்கள், மருந்து திரும்பாது. பெயர் தெரிய வேண்டும். பெயர் சொல்லி, “நீங்க அட்ரினலின் 1 மில்லிகிராம் போடுங்க, போட்டதும் சொல்லுங்க” என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் திரும்பச் சொல்ல வேண்டும்: “1 மில்லிகிராம் போட்டாச்சு மேடம்.” மூன்றிலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் அடுத்த டோஸ், அதற்குக் கணக்கு வைத்துக்கொள்ள இன்னொருவர். கேட்பதற்கு நாடக ஒத்திகை மாதிரி இருக்கும். ஒத்திகையேதான். நாங்கள் மாதம் ஒருமுறை பொம்மையை வைத்து இதைச் செய்து பார்க்கிறோம். முதல் இரண்டு முறை எல்லாருக்கும் வெட்கமாக இருக்கும்.

பெயர் தெரிந்துகொள்வது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். அணியைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அது டூட்டி ரோஸ்டர் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. சர்ஜன் ஒரு யூனிட், நான் ஒரு துறை, நர்ஸ்கள் ஒரு சுற்று, பயிற்சி மருத்துவர் போன வாரம்தான் வந்தவர். பேசிப் பழகி, டீ குடித்து, ஒருவர் குணம் இன்னொருவருக்குத் தெரிந்து அணியாவதற்கெல்லாம் நேரமில்லை. ஐந்து நிமிஷத்தில் அணியாக வேண்டும். சிட்னியில் ராப் ஹாக்கெட் என்ற மயக்க மருத்துவர் தன் தியேட்டர் தொப்பியிலேயே பெயரையும் வேலையையும் எழுதிக்கொண்டு வந்தபோது சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மார்க்கர் பேனா வாங்கினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 விஷயங்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று இடங்களில் நின்று சரிபார்க்க வேண்டும். கத்தி வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் முதலாவது, அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்வது. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள். அதுல் கவாண்டே தலைமையில் நடந்த அந்த ஆய்வில் மரண விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆக இறங்கியது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் பட்டியல் கட்டாயமானபோது சொல்லும்படியான மாற்றமில்லை என்று 2014-இல் இன்னோர் ஆய்வு வந்தது. நிபுணர்கள் இதற்குப் பல காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்த காரணம் ஒன்று உண்டு: ஆபரேஷன் முடிந்த பிறகு மூலையில் உட்கார்ந்து 19 கட்டத்திலும் டிக் அடிக்கும் ஒரு களைத்த நர்ஸ். தாள் நிரம்பிவிடும், யாரும் யார் பெயரையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெயர் சொல்ல வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவர் மறுமுறை திறப்பது சுலபம். ஆனால் அந்த இரண்டாம் முறைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. அதை எனக்குக் காட்டியவர் ஒரு சர்ஜன். கோபக்காரர், அவர் தியேட்டருக்குள் வந்தால் ரேடியோ தானாக அணையும். ஒருநாள் வயிற்றைத் தைத்து மூடப் போகும் நேரம். ஸ்க்ரப் சிஸ்டர், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண், “சார், மாப் ஒண்ணு குறையுது” என்றாள். ரத்தம் ஒற்றுகிற துணியைத்தான் மாப் என்போம். இதே நிலையில் “சரியா எண்ணு” என்று உறுமிவிட்டுத் தையலைத் தொடர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கத்தரியை வீசியெறிந்தவரையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த அறையில் எண்ணிக்கை ஒருநாளும் குறையவில்லை, எப்போதும் சரியாகவே இருந்தது. அதுதான் பயம்.

இவர் ஊசியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக மடக்கிக்கொண்டார். “சரிம்மா. தேடு, நான் நிக்கறேன்.” வயிற்றுக்குள் ஒருமுறை துழாவிப் பார்த்தார். இல்லை. வாளியில் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் போயிருந்தது. கடைசியில் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு மாப்பை அவள் ஒன்றாக எண்ணியிருந்தாள். தப்பு அவளுடையது. கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவர், “நல்லவேளை, வெளியிலதான் இருந்துது” என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசியைக் கேட்டார். குரலில் சலிப்பு இல்லை.

நான் அதுவரை, நெருக்கடி நாளில்தான் தலைமை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாகச் சொன்னவருக்கு நன்றி சொல்வது யாருக்கும் வரும். தவறான எச்சரிக்கை கொடுத்து, எல்லாருடைய ஆறு நிமிஷத்தையும் தின்றவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை அறையில் இருக்கிற அத்தனை பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை ‘இருக்குல்ல’ சொல்வதா வேண்டாமா என்பதை அந்த நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சிஸ்டர் பிற்பாடு இரண்டு முறை எண்ணிக்கை குறைகிறது என்று நிறுத்தியதற்கு நானே சாட்சி. ஒருமுறை அவள் சொன்னது சரியாக இருந்தது.

அந்தச் சர்ஜன் அன்று காட்டிய நிதானம் எனக்குச் சுபாவத்திலேயே கிடையாது. மூன்றாம் முறை யாராவது ‘எதுக்கும்’ என்றால் எரிச்சல் மூக்குக்கு மேல் வரும். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யார் எதைச் சந்தேகமாகச் சொன்னாலும், பதில் சொல்வதற்கு முன் அந்த இடத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது. வயிறு என்றால் வயிறு, ட்யூப் என்றால் ட்யூப். இரண்டு விநாடிதான் ஆகும். எரிச்சலும் பெரும்பாலும் அந்த இரண்டு விநாடியில் அடங்கிவிடும். அடங்காத நாட்களும் உண்டு. அப்படி ஒருநாள் ஒரு பயிற்சி மருத்துவரைக் கடித்துவிட்டு, மறுநாள் கேண்டீனில் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கப்புறம் என் தியேட்டரில் வாயே திறக்கவில்லை.

போன மாதம் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்கிற கேஸ். ஐம்பது வயதுப் பெண்மணி. வயிற்றுக்குள் வாயுவை நிரப்பி முடித்திருந்தார்கள். மயக்கவியல் டெக்னீஷியன் படிப்புக்கு வந்திருக்கும் ஒரு பையன், அன்றுதான் முதல் நாள், காலையில் பெயர் சொல்லும்போதே குரல் கம்மிப்போனவன், என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மேடம், ட்யூப் கொஞ்சம் உள்ள போயிட்ட மாதிரி இருக்குல்ல?”

பார்த்தேன். பல் ஓரத்தில் 21, ஒட்டியபோது இருந்த அதே இடம். கேப்னோகிராஃபில் அலை ஒழுங்காக ஏறி இறங்கியது. ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டேன். “இல்லப்பா, சரியாத்தான் இருக்கு. வயித்துல வாயு ஏத்துறப்ப அப்படி ஆகறதுண்டு, நீ பாத்தது நல்லது” என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தான்.

இருபது நிமிஷம் கழிந்தது. மறுபடியும் வந்தான். சர்ஜன் திரைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

“மேடம், எதுக்கும்...”

ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன்.