எதிரே அமர்ந்திருப்பது யார்?

திருகோணமலை உட்துறைமுக வீதியில், கடலைப் பார்த்த வீட்டு விறாந்தையொன்றில் நானும் நண்பர் ஒருவரும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சதுரங்கம் ஆடியிருக்கிறோம். அவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். ஊரடங்குக் காலங்களில் ஆட்டம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றி அங்கேயே படுத்தெழும்பியதும் உண்டு. அவருடைய கையெழுத்தைப் போலவே ஆட்டமும் எனக்குப் பழக்கமானது. குதிரைகளைக் கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டார். இராணிக்கு இராணி வெட்டிக்கொள்ளச் சம்மதிக்க மாட்டார். சீனக்குடாப் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கினால், அவசரப்பட்டு ஒரு சிப்பாயைப் பறிகொடுப்பார்.

மகளுடன் வாழ ரொறன்ரோ சென்ற பின்னரும் இணையத்தில் ஆட்டம் தொடர்ந்தது. சில மாதங்களுக்கு முன் அது திடீரென மாறிற்று. பத்து நிமிடம் யோசிப்பவர் பத்து வினாடிக்குள் காய் நகர்த்தினார். இராணிகளைத் தாமே வெட்டினார். தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றேன். கடைசி ஆட்டத்தைக் கணினியில் இட்டுப் பார்த்தேன். அவருடைய நகர்த்தல்களிற் பல அதன் தெரிவுகளாகவே இருந்தன. எளிய நிலைகளில் ஓரளவு தேர்ந்த எவரும் கணினி காட்டும் நகர்த்தலையே ஆடுவர் என்பது அன்றிரவு எனக்கு நினைவுக்கு வரவில்லை. பத்திரிகைக்காரனின் மூக்கு ஒன்றை மோப்பம் பிடித்துவிட்டால் பிறகு வேறெதையும் மோப்பம் பிடிக்காது.

இந்தச் சந்தேகம் பெரியவர்களையும் விட்டதில்லை. 1997 மே மாதம் நியூயோர்க்கில், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினியுடனான இரண்டாவது ஆட்டத்தில் கஸ்பரோவ் தோற்றார். இராணியை உள்ளே செலுத்திச் சிப்பாய்களைப் பறிக்கும் வாய்ப்பைக் கணினி ஒதுக்கிவிட்டு, எதிராளியின் வழிகளை அடைக்கும் அமைதியான நகர்த்தல் ஒன்றைத் தேர்ந்தது. இது இயந்திரத்தின் புத்தியன்று, பின்னால் மனிதன் இருக்கிறான் என்று ஐயுற்ற அவர், கணினியின் பதிவேடுகளைக் கேட்டார். தாம் கைவிட்ட நிலையில் சமநிலைக்கு வழி இருந்ததாகப் பின்னர் அறிந்து மேலும் கலங்கினார். உலக வெற்றியாளருக்கே அடையாளம் பிசகியது.

நம்மவரான சென்னை விஸ்வநாதன் ஆனந்துக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2021 ஜூனில், கொவிட் நிவாரண நிதிக்காகப் பிரபலங்களுடன் இணையவழி ஆடியபோது, தொழிலதிபர் நிகில் காமத்திடம் தோற்றார். காமத்தின் துல்லியம் தொழில்முறை ஆட்டக்காரரல்லாத ஒருவருக்குச் சற்றும் பொருந்தவில்லை. மறுநாளே, பிறரின் உதவியும் கணினியின் உதவியும் பெற்றதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புதல் வந்ததால் கதை முடிந்தது. வராவிட்டால்? அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் றீகன் போன்றோர், ஒருவரின் தரத்துக்கு எதிர்பார்க்கத்தக்க ஆட்டத்துடன் அவர் ஆடியதை ஒப்பிட்டுக் கணக்கிடுகின்றனர். எத்தனை ஆட்டங்கள் கூடுகின்றனவோ அவ்வளவுக்குக் கணக்கு உறுதிப்படும். என் கையில் இருந்தவை ஆறு.

ஆயினும் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். மறுமுனையில் நீண்ட மௌனம்.

“மெஷின் எண்டு நினைச்சீரோ காணும்? அது பேரன். பன்ரண்டு வயசு. பள்ளிக்கூடத்துச் செஸ் அணியிலை இருக்கிறான்.”

ஏன் சொல்லவில்லை என்றேன்.

“எனக்கு இப்ப நாலு நகர்த்தல் தள்ளினா முன்னுக்கு யோசிச்சது மறந்துபோகுது. டொக்டரும் சொல்லிப்போட்டார். ஆட்டம் நிண்டா நீர் எடுக்கமாட்டீர் எண்டு பயந்துபோனன்.”

ஆடுவது அவர் அல்லர் என்று நான் கண்டது சரி. அதிலிருந்து, ஆடுவது மனிதன் அல்லன் என்று தாவியதுதான் பிழை. செய்தியறையில் எத்தனை இளைஞர்களை இதற்காகக் கண்டித்திருப்பேன்!

இப்போது பேரனுடன் சனிக்கிழமைகளில் ஆடித் தோற்கிறேன். ஞாயிறு அவருக்கு. ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரமும் ஆகும். சென்ற வாரம் தம் முறை வந்ததையே மறந்து, துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்று கேட்டார். விறாந்தைக்குப் போய்ப் பார்த்துவந்து சொன்னேன். பிறகு குதிரையை நகர்த்தினார்.